ஊரைச் சுற்றிக் கேள்வி எடுப்பது: திருச்சியும் ஸ்ரீரங்கமும்

பள்ளியிலோ வாசகர் வட்டத்திலோ பொது அறிவுப் போட்டி நடத்தப் பொறுப்பேற்றவர்கள் முதல் வேலையாகக் கடைக்குப் போய் ஒரு பொது அறிவுப் புத்தகம் வாங்குவார்கள். போட்டிக்கு வருகிற பிள்ளையும் அதே புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு வந்திருக்கும். அப்புறம் மேடையில் நடப்பது மனப்பாடப் போட்டிதான். உயரமான சிகரம், நீளமான ஆறு, நாணயத்தின் பெயர், தலைநகரின் பெயர் என்று ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் பேசிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

போட்டி நடக்கும் ஊரிலிருந்தே அறிவியல், கலை, வரலாறு, மொழி எல்லாவற்றுக்கும் கேள்வி எடுக்கும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. எந்த ஊருக்கும் இது பொருந்தும். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் வைத்து விளக்குகிறேன். எனக்குப் பிடித்த ஊர் என்பது ஒரு காரணம். இரண்டு ஆறு, ஒரு மலை, ஒரு பெரிய கோயில், பழைய கல்லூரிகள், ரயில் பட்டறை, வானொலி நிலையம் எல்லாம் ஒரு நாள் சுற்றிப் பார்க்கும் தூரத்தில் இருப்பது இன்னொரு காரணம்.

விதி ஒன்றே ஒன்றுதான். விடை தெரியாத பிள்ளையும் யோசித்து எட்டிப்பிடிக்கக் கேள்விக்குள்ளேயே ஒரு வழி இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான பயிற்சி.

ஒரு கேள்வியைச் செதுக்குவது

முதல் வரைவு இப்படித்தான் வரும்: “சர் சி.வி.ராமன் எங்கே பிறந்தார்?” தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் கையைப் பிசைவான். யோசிக்க இதில் இடமே இல்லை.

ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருவானைக்காவலில். பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய தலம் அது. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உலுக்கியது. வானத்தின் நீலத்தைக் கடல் பிரதிபலிக்கிறது என்பதுதான் அப்போதைய விளக்கம். அதை ஏற்காமல், நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று நிறுவப் புறப்பட்டார். அந்த வழியில் நடந்த ஆய்வுதான் 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவில் வந்து நின்றது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி இரண்டாம் வரைவு: “நீருக்குரிய சிவத்தலத்தில் பிறந்தவர். கடல்நீர் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியைத் துரத்திப் போனவர். அவருடைய கண்டுபிடிப்பு வெளியான நாளை இந்தியா தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. யார் அவர், எந்த ஊர்?” இதில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. கோயில் தெரிந்த பிள்ளை ஒரு வாசலில் நுழையும், அறிவியல் படித்த பிள்ளை இன்னொன்றில் நுழையும், பள்ளியில் பிப்ரவரி 28 விழாவில் நின்ற பிள்ளை மூன்றாவதில் நுழையும். துணைக்கேள்வி வேண்டுமானால், அதே குடும்பத்தில் 1983இல் இயற்பியல் நோபல் பெற்ற அண்ணன் மகன் யார் என்று கேட்கலாம். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்று பாதி அரங்கம் சொல்லிவிடும்.

வாசிக்க இருபது நொடிக்கு மேல் ஆனால் கேள்வியைச் சுருக்குங்கள். முன்பாதியைக் கேட்டதை மறந்துவிட்டுப் பின்பாதிக்கு விடை தேட வைப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

ஆறும் அணையும்

அறிவியல் சுற்றுக்குத் திருச்சியில் காவிரியை விட நல்ல ஆசிரியர் கிடையாது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் இருக்கும் தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. கல்லணை அருகே இரண்டு ஆறும் மறுபடி நெருங்கி வருகின்றன.

இந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: “முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய மேலணை, அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்த கல்லணை. இரண்டும் ஒரே ஆற்றுக்குத் தண்ணீர் ஓடிப்போகாமல் தடுக்கத்தான் கட்டப்பட்டன. எந்த ஆறு?” விடை கொள்ளிடம். இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். கொள்ளிடத்தின் தரை தாழ்வு, சரிவு அதிகம். காவிரியின் படுகையில் வண்டல் சேர்ந்து சேர்ந்து மேடிட்டுப் போகிறது. விட்டால் தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும், தஞ்சை வயல் காய்ந்துவிடும். மேலணை கொள்ளிடத்தின் தலைப்பில் நின்று முதல் கசிவை அடைக்கிறது. இரண்டு ஆறும் நெருங்கும் இடத்தில் காவிரியிலிருந்து கொள்ளிடத்துக்கு நழுவும் தண்ணீரைக் கல்லணை தடுக்கிறது. வெள்ளம் வந்தால் நேர்மாறாக, மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட வேண்டும். படத்தைப் பார்த்து நிதானமாக யோசித்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே இது பிடிபடும்.

அண்மைக்கால நிகழ்வு சேர்க்க நினைத்தால், 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதைக் கேட்கலாம். பெற்றோர் பலருக்கு அந்த இரவு நினைவிருக்கும்.

கல்லணையைப் பற்றி எழுதும்போது இரண்டு எச்சரிக்கை. ஒன்று, உலகின் முதல் அணை என்று எழுதிவிடாதீர்கள். எகிப்திலும் ஜோர்டானிலும் அதைவிடப் பழைய அணைகளின் இடிபாடுகள் உண்டு. இன்றும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய நீர்ப்பாசன அமைப்புகளுள் ஒன்று என்றால் யாரும் மறுக்க முடியாது, பெருமையும் குறையாது. இரண்டு, கல்லணை இருப்பது தஞ்சாவூர் மாவட்டத்தில். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து ஏறிப் போய்ப் பழகியதால் திருச்சிக்காரர்கள் அதைத் தங்கள் மாவட்டக் கணக்கில் வைத்துவிடுவார்கள்.

மாவட்டச் சிக்கல் வேறு இடத்திலும் வரும். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தைப் பழைய புத்தகங்கள் திருச்சி மாவட்டம் என்றே எழுதும். 1995இல் பிரிந்த பிறகு அது பெரம்பலூர் மாவட்டம். கடற்கரை எங்கோ இருக்க, அந்த வட்டாரத்தில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் எப்படி வந்தன என்று கேட்டால், கிரெட்டேசியக் காலத்தில் அந்த நிலத்தைக் கடல் மூடியிருந்தது என்ற விடைக்குப் பிள்ளைகள் தாமாகவே வந்து சேர்வார்கள். அந்தப் பாறை அடுக்குகளில் ஒன்றுக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயரே திருச்சிராப்பள்ளி அடுக்கு.

எண்ணைக் கேட்காதீர்கள், ஒப்பிடச் சொல்லுங்கள்

உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு எத்தனை படி? இந்தக் கேள்வி எல்லாப் போட்டியிலும் தலைகாட்டும். ஒரு புத்தகத்தில் ஒரு எண், இன்னொன்றில் வேறு எண். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. இப்படிப்பட்ட எண்ணைக் கேட்டால் சண்டைதான் மிச்சம்.

அதே மலையை வைத்தே நல்ல கேள்வி கேட்கலாம். மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர், அதாவது 236 அடி. காவிரிப் பாலத்தில் நின்றால் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். எது உயரம் என்று கேளுங்கள். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் கோபுரத்துக்காகவும் தெப்பக்குளத்துப் பிள்ளைகள் மலைக்காகவும் வாதாடுவதைக் கேட்க இனிமையாக இருக்கும்.

வயதிலும் அப்படியே. பாறைக்கு இத்தனை கோடி ஆண்டு என்று ஓர் எண்ணைக் கேட்பதை விட, இமயமலை மூத்ததா, மலைக்கோட்டை மூத்ததா என்று கேளுங்கள். நிலத்தட்டுகள் மோதி இமயமலை எழத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. மலைக்கோட்டைப் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. உயரமானதெல்லாம் மூத்தது என்று நினைத்திருந்த பிள்ளை அன்று நிலவியலில் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது.

‘ஆசியாவிலேயே பெரிய’, ‘உலகிலேயே முதல்’ என்று தொடங்கும் வாக்கியங்களைக் கண்டால் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சரிபாருங்கள். ராஜகோபுரத்தை ஆசியாவிலேயே உயரமானது என்று இன்னமும் எழுதுகிறார்கள். கர்நாடகத்தின் முருதேஸ்வரத்தில் 2008இல் எழுந்த கோபுரமும் ஏறத்தாழ அதே உயரம்தான். ராஜகோபுரத்தைப் பற்றிக் கேட்க வேறு நல்ல விஷயம் இருக்கிறது. விஜயநகரக் காலத்தில் தொடங்கி, அடிநிலையோடு சுமார் 400 ஆண்டு நின்றுபோய், அகோபில மடத்தின் 44ஆவது அழகியசிங்கர் முயற்சியில் 13 நிலைகளோடு எழும்பி, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்குக் கண்ட கோபுரம் அது. ஊர்ப் பெரியவர்கள் அதை ராயகோபுரம் என்பார்கள். 1970களில் எடுத்த ஸ்ரீரங்கம் படம் ஒன்றைத் திரையில் காட்டி, “இதில் இல்லாதது எது?” என்று கேளுங்கள். படக்கேள்விக்கு இதைவிட எளிய, நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தலபுராணத்தையும் கல்வெட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கம்பர் இராமகாதையை ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றினார் என்பதும், வெள்ளைக் கோபுரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வெள்ளையம்மாள் கதையும் மரபு வழி வந்தவை. கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். ‘மரபுப்படி’ என்ற சொல்லைக் கேள்வியில் சேர்த்தே கேட்க வேண்டும். ஸ்ரீரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை இருந்தது என்பதோ வேறு வகை. 1493ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு அதைச் சொல்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் இந்த ஒரு கோயிலுக்கே ஒதுக்கப்பட்டது. வரலாற்றுச் சுற்றுக்குக் கேள்வி எடுப்பவர் நூலகத்தில் அதை ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும்.

நடந்த கதையிலிருந்து

உப்புச் சத்தியாகிரகம் என்றால், “வேதாரண்யம் யாத்திரையை நடத்தியவர் யார்?” என்றுதான் கேட்கிறோம். ராஜாஜி என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். ஏன் அந்த நாள்? தமிழ்ப் புத்தாண்டு, கூடவே 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் சுட்டுக்கொன்ற நாள். தேதியை மட்டும் கொடுத்து, “இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணம் சொல்லுங்கள்” என்றால் போதும். ஒன்று நாட்காட்டியில் இருக்கிறது, மற்றது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அடுத்த கேள்விக்காக அரங்கம் முழுவதும் அமைதியாகும் வரை காத்திருங்கள். யாத்திரை தஞ்சை மாவட்டத்துக்குள் நுழைந்தபோது கலெக்டராக இருந்தவர் தார்ன். தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று எச்சரித்தார். “அதற்கப்புறம் தொண்டர்கள் நடந்த சாலையோர மரங்களில் என்ன தொங்கியது?” சோற்றுப் பொட்டலங்கள். கொடுத்தவர் யாரென்று தெரிந்தால்தானே பிடிக்க முடியும். கிராமத்து மக்கள் அந்த ஆணையை எப்படி வென்றார்கள் என்பதை ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும்போது, அரங்கில் எழும் கைதட்டல் மதிப்பெண்ணுக்காக எழுவதாக இருக்காது. ஏப்ரல் 28 வேதாரண்யம் சேர்ந்தார்கள், 30 அன்று உப்பு அள்ளினார்கள். இந்தத் தேதிகளைக் கேள்வியில் வைக்க வேண்டாம். விடை சொன்ன பிறகு நடத்துநர் இரண்டு வரியில் சொன்னால் போதும்.

வெளியூர்ப் புத்தகத்தில் நம் ஊர் பதுங்கியிருக்கும் இடங்களும் அருமையான கேள்வி தரும். ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் தோன்றிய 1887ஆம் ஆண்டுக் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலையாளி புகைத்தது எந்த ஊர்ச் சுருட்டு என்று துப்பறிவார். விடை திருச்சிராப்பள்ளி. உறையூர்ச் சுருட்டுக்கு லண்டன் வரை அவ்வளவு பேர் இருந்தது. வைக்கிங்குகள் வெள்ளிக் கம்பியில் பின்னிய சங்கிலி வகையை ஆங்கிலேயத் தொல்லியலாளர்கள் திருச்சிராப்பள்ளி என்றே குறிப்பிடுகிறார்கள். இங்கிருந்து போன நகைச் சங்கிலிகளை முன்பே பார்த்துப் பழகியிருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இணைப்புச் சுற்று

இரண்டு மூன்று தனித் தகவல்களை ஒரு நூலில் கோப்பது இணைப்புச் சுற்று. ஸ்ரீரங்கத்தில் இதற்குக் கைமேல் கிடைப்பது இது: “இருவருடைய இயற்பெயரும் ரங்கராஜன். இருவரும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்கள். ஒருவர் ராமாயணப் பாத்திரம் ஒன்றின் பெயரையும் மற்றவர் தன் மனைவியின் பெயரையும் வைத்துக்கொண்டு எழுதினார்கள். யார், யார்?” கவிஞர் வாலியும் எழுத்தாளர் சுஜாதாவும். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால்தான் சுஜாதாவுக்குப் புனைபெயர் தேவைப்பட்டது என்று விடையோடு சேர்த்துச் சொன்னால் மூன்றாவது ரங்கராஜனும் வந்து சேர்ந்துவிடுவார்.

சுஜாதாவை வைத்தே அறிவியலுக்கும் பாலம் போடலாம். தூய வளனார் கல்லூரியில் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டவர் அவர். அதே கல்லூரியில் இயற்பியல் படித்து 1954இல் பட்டம் பெற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். கலாம் பெயர் வந்ததும் பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

கலைச் சுற்றுக்கு ஒன்றிரண்டு போதும். நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்குக்கு வந்த வானொலி நிலையங்கள் ஆறு. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ என ஐந்தைச் சொல்லிவிட்டு ஆறாவது எது என்று கேட்டால், 1939 மே 16 முதல் ஒலிபரப்பி வரும் திருச்சி நிலையத்தின் அருமை புரியும். எம்.கே.தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது எல்லோருக்கும் தெரியும். எத்தனை ஆண்டு ஓடியது என்று கேளுங்கள். 1944 தீபாவளிக்கு வந்து 1946 தீபாவளியையும் தாண்டிய படம் என்பதால் விடை இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். மூன்று என்று அவசரப்படுபவர்கள் நிறைய இருப்பார்கள்.

மொழிச் சுற்று

எதிர்ச்சொல், பழமொழி என்று இந்தச் சுற்றை ஒப்பேற்றிவிடுகிறோம். ஸ்ரீரங்கம் அதைவிடப் பெரிய புதையலைத் தருகிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எழுந்த ஐந்து உரைகளுக்கும் எண்ணே பெயர்: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதிய முதலாவது மிகச் சிறியது. ஈடு என்று போற்றப்படும் கடைசி உரை, ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை சொல்லக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்தது. அவர் பெயருக்குள்ளேயே ஊரின் தெரு இருக்கிறது.

அந்தப் படி எதைக் குறிக்கிறது? மெய்யெழுத்தை நீக்கி எண்ணினால் 32 எழுத்து கொண்டது ஒரு படி. ஓலைச்சுவடிக் காலத்து நூல் அளவு அது. இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தாறாயிரப்படியில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். 36,000 × 32, அதாவது 11,52,000. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை மொழிச் சுற்றில் ஜெயிக்கும் அதிசயம் அன்று நடக்கும். கடினமாக வேண்டுமென்றால், பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி எந்த இதிகாசத்தின் சுலோக எண்ணிக்கைக்கு இணையாகச் சொல்லப்படுகிறது என்று கேட்கலாம். விடை வால்மீகி ராமாயணம்.

கல்லூரி மாணவர்களுக்கு என்றால், தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிறந்தது திருச்சி அருகே குளத்தூரில் என்பதையும், அவருடைய நண்பரும் உ.வே.சாமிநாதையரின் ஆசிரியருமான மகாவித்துவான் திருச்சி மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பதையும் ஒரே கேள்வியில் இணைத்துவிடலாம்.

அட்டையும் அரங்கமும்

ஒரு கேள்விக்கு ஓர் அட்டை. முன்பக்கம் கேள்வி. பின்பக்கம் விடை, ஏற்றுக்கொள்ளக்கூடிய மாற்று விடைகள், எந்த நூலில் பார்த்தது, என்று சரிபார்த்தது. வாலி பற்றிய அட்டையில் டி.எஸ்.ரங்கராஜன் என்றும் எழுதியிருக்க வேண்டும். ராமன் அட்டையில் திருவானைக்காவல், திருவானைக்கோவில், திருவானைக்கா மூன்றும் இருக்க வேண்டும். ஊர்ப்பேரைப் பேச்சுவழக்கில் சொன்ன பிள்ளைக்கு மதிப்பெண் மறுப்பது பெரிய தவறு.

ஒவ்வொரு சுற்றிலும் முதல் கேள்வி எல்லோரும் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். பயந்து போய் உட்கார்ந்திருக்கும் அணிக்கு வாய் திறக்கும் வாய்ப்பு வேண்டும். யாருக்கும் தெரியாத கேள்வியைப் பார்வையாளருக்குத் திருப்பிவிடுங்கள். ஸ்ரீரங்கத்தில் பின்வரிசைத் தாத்தா பாட்டிகள் ராயகோபுரத்தையும் பாகவதரையும் பற்றிச் சொல்லும் விடை, அட்டையில் இருப்பதைவிட விரிவாக இருக்கும். அதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

இடையில் ஒரு பிள்ளை எழுந்து, “சார், கல்லணை திருச்சி இல்லீங்களே சார், தஞ்சாவூர் மாவட்டம்ல?” என்று கேட்கும். கேட்க வேண்டும். அப்போது அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து, எந்த நூலில் என்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை சொல்வது சரி என்றால் அப்போதே மதிப்பெண்ணைத் திருத்தி, “நல்லாச் சொன்னப்பா, உக்காரு” என்று பாராட்டிவிட்டு அடுத்த அட்டையை எடுங்கள். அந்த இடத்தில் முடிவு தெரியாவிட்டால் கேள்வியையே நீக்கிவிட்டு இரு அணிக்கும் மாற்றுக் கேள்வி கொடுங்கள். இதற்காக ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உபரி அட்டை கையில் இருக்க வேண்டும்.

அட்டைகளெல்லாம் எழுதி முடித்ததும், போட்டிக்கு மூன்று நாள் முன்னால், பிறந்து வளர்ந்து திருச்சியிலேயே இருக்கும் ஒருவரிடமும் திருச்சியையே பார்க்காத ஒருவரிடமும் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். முதலாமவர் தகவல் பிழையைப் பிடிப்பார். இரண்டாமவர் எங்கே யோசிக்க வழியில்லாமல் முழிக்கிறாரோ அந்த அட்டையை மறுபடி எழுதுங்கள்.